எவாந்தியா வாங்கிய ஏழு

எவாந்தியாவுக்கு இரக்கப்பட்டுத்தான் பாஸ் போட்டுவிட்டார்கள் என்று கிரீஸில் இருக்கிற இந்த யானினா ஊரில் நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிற என் கேன்டீனில், என் காப்பியைக் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பத்துக்கு ஏழு வாங்கினாள் அவள். ஐந்து எடுத்தாலே தேர்ச்சி. இரக்கப்படுகிறவன் ஐந்து போடுவான். ஏழு எவன் போடுவான்? நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அவளைச் சோதித்த அறையில் நான் இருந்தேன். இப்படிப் பேசுகிறவர்களில் ஒருத்தரும் அங்கே இல்லை.

எவாந்தியா டாக்ஸி ஓட்டினாள். பதினெட்டு வயதில் இங்கே மொழிப் பிரிவில் சேர்ந்தவள். மூன்றாம் வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். அவருடைய டாக்ஸியை இவள் எடுத்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் அதே வேலைதான். எங்கள் நாட்டில் ஒருமுறை சேர்ந்தவன் எத்தனை வருஷமானாலும் வந்து பரீட்சை எழுதலாம். அப்படி வந்து வந்து எல்லாத் தாளையும் முடித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. அது இரண்டாம் வருஷத்துத் தாள்: பழைய ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசிய பேச்சுகள். அவளுக்கு ஐம்பத்திரண்டான அந்த வருஷம் அறிவிப்பு வந்தது, செப்டம்பரோடு பழைய ஆட்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்போகிறோம் என்று. ஜூனில் ஒரு பரீட்சை, செப்டம்பரில் ஒன்று. அவ்வளவுதான்.

ஜூனில் அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பழைய மொழியைப் படிக்கிற விதமே தனி. கடையில் உரைநூல் விற்கும். முழுப் பேச்சுக்கும் இன்றைய மொழியில் அர்த்தம் போட்டிருக்கும். அதை வரி விடாமல் மனப்பாடம் பண்ணுவார்கள். பரீட்சையில் முதல் இரண்டு சொல்லைப் பார்த்து எந்த இடம் என்று கண்டுபிடித்துக் கொட்டிவிடுவார்கள். இவளும் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் அதைத்தான் செய்தாள். எழுத உட்கார்ந்தாள், கை தானாக ஓடியது. மறுவாரம் பேராசிரியை கலிரோயி கூப்பிட்டார்.

“நான் கேட்டது பன்னிரண்டு வரிம்மா. நீங்க பதினஞ்சு வரிக்கு அர்த்தம் எழுதியிருக்கீங்க. மிச்ச மூணு எங்கேர்ந்து வந்துச்சு?”

ஏழாவது தடவையாக ஃபெயில். நேராக என் கேன்டீனுக்கு வந்து அதைச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“சிரி ஸ்தாமோ, நல்லா சிரி.”

“கேட்டதுக்கு மேல படிச்சவள ஃபெயில் பண்ற ஊரு உலகத்துலயே இதுதான்.”

“படிக்கலய்யா, முழுங்கிட்டேன். முழுங்கினது அப்படியே வெளிய வந்துருச்சு.”

சொல்லிவிட்டு உரைநூலைக் காப்பிச் சக்கை போடுகிற தொட்டியில் எறிந்தாள். பல தடவை தோற்றவர்கள், வேறு மூன்று பேராசிரியர்கள் சேர்ந்து வாய்மொழியாகச் சோதிக்கும்படி கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. அதற்கு மனுப்போட்டாள். அதுவும் எப்படி? பார்த்தே இராத பகுதியைக் கொடுங்கள் என்று எழுதி! பைத்தியமா என்று கேட்டேன். “மனப்பாடம் பண்ணவே முடியாத மாதிரி நானே கதவ அடைச்சுக்கிறேன்” என்றாள்.

கோடை முழுக்க மத்தியானம் மூன்று மணிக்கு, கேன்டீன் காலியாக இருக்கும்போது வந்துவிடுவாள். என்னை எதிரே உட்காரவைப்பாள்.

“அந்தக் காலத்துல வக்கீல் பேசமாட்டான். வழக்கு யாருதோ அவன்தான் எந்திரிச்சுப் பேசணும். கேட்டுத் தீர்ப்புச் சொல்றவங்க ஐநூறு பேரு, செருப்புத் தைக்கிறவன், மீன் விக்கிறவன்.”

“கேன்டீன்காரன்?”

“அவனும்தான். அதனால உனக்குப் புரியலன்னா நான் தப்பாப் படிச்சிருக்கேன்னு அர்த்தம். வாயத் திறந்து கேளு.”

தேனீ வளர்க்கிற ஒருத்தன் வழக்கு நினைவிருக்கிறது. பக்கத்து நிலத்துக்கு ரொம்ப நெருக்கமாகக் கூடுகளை வைத்தான், தேனீ கொட்டிக் கழுதை செத்தது என்று அவன்மேல் புகார். அவள் ஒவ்வொரு வாக்கியமாக உடைத்துச் சொன்னாள். எனக்கு ஒன்று இடித்தது.

“கூடு வெச்சு மூணு வருஷம் ஆச்சுங்கிற. பக்கத்து நிலத்துக்காரன் அதுவரைக்கும் என்ன புடுங்கிக்கிட்டு இருந்தான்?”

அவள் விரல் வைத்து அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு மேசையை ஓங்கித் தட்டினாள். “அதத்தான்யா இவன் கேக்கிறான்! கேள்வியப் போய்ப் பதில்னு நெனச்சுப் படிச்சுட்டேன், அதான் அடுத்த வரி முட்டுது.” முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். என் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

டாக்ஸியில் ஏறினவர்களையும் விடவில்லை. “ஏதென்ஸ் மக்களே, இவன் சொல்வது பொய்!” என்று அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்த, ஒரு பல் டாக்டர் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டாராம்.

செப்டம்பரில் நல்ல மழை நாள். வாய்மொழிச் சோதனையில் சாட்சிக்கு ஒரு ஆள் கூட இருக்க வேண்டும். மாணவர்கள் யாரும் வரவில்லை. ஏப்ரனோடு என்னை இழுத்துப்போய்ப் பின்வரிசையில் உட்காரவைத்தாள்.

மூன்று பேரில் தலைவர் நரைத்த தாடிக்காரர், கெட்டவர் இல்லை. அவர் கொடுத்த தாளில் அண்ணன் தம்பி வழக்கு. தனக்குச் சொல்லாமலே அப்பாவைப் புதைத்துவிட்டான் என்று தம்பிமேல் அண்ணன் குற்றம் சாட்டியிருக்கிறான். தம்பி எழுந்து, அண்ணன் சொன்னதை முதலில் அப்படியே திருப்பிச் சொல்கிறான். எவாந்தியா மெதுவாகப் போனாள். ஒரு சொல்லில் நின்றாள், பின்னால் போனாள், திருத்தினாள். நாலாவது வரி முடிந்ததும் தலைவர் பேனாவை மூடினார்.

“போதும்மா. இவ்வளவு வருஷம் போராடியிருக்கீங்க, இந்த மழையில வேற வந்திருக்கீங்க. அஞ்சு போட்டுடறோம். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். மற்ற இருவரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர் கோட்டை மாட்டிக் கதவைத் திறந்தும்விட்டார். எவாந்தியா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“வேண்டாங்கய்யா.”

“என்ன வேண்டாம்?”

“அஞ்சு வேண்டாம். அண்ணங்காரன் புகார மட்டுந்தான் கேட்டிருக்கீங்க. தம்பி இன்னும் பதில் சொல்லல.”

“மிச்சத்துல தப்புப் பண்ணினா இந்த அஞ்சும் போயிரும்மா. அப்புறம் பேரே இருக்காது. தெரியுமில்ல?”

“தெரியும். தோத்தா அது என் தோல்வி. பதிலக் கேக்காம எந்தக் கோர்ட்டும் எந்திரிச்சுப் போகாது. உக்காருங்கய்யா.”

தலைவர் மறுபடி பேனாவைத் திறந்தார். கோட்டுக்காரர் மட்டும் வாசலிலேயே நின்றார், தாழ்வாரத்துப் பிள்ளைகளின் கூச்சல் உள்ளே வந்தது.

பட்டம் வாங்கியதும் அவள் லெஃப்காதா தீவுக்குப் போய்விட்டாள், அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அன்று அந்த அறையில் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட உதவி.

“ஸ்தாமோ, ஐயாவ உள்ள கூப்பிட்டு அந்தக் கதவச் சாத்து. நான் இன்னும் முடிக்கல.”