தொண்ணூறு வெள்ளி வித்தியாசம்

சமூகக் கல்லூரியில் கணக்குப் படிப்பின் கடைசி மூன்று மாதம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். என்னையும் கூடப் படித்த ஓர் அக்காவையும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் நின்றே வேலை பார்த்து முட்டி தேய்ந்துபோனவர். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் படிக்கவே வந்தார். காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வருவார். அங்கிருந்து இருவரும் ஒன்றாக ரயில் ஏறுவோம்.

பயிற்சி முடிந்ததும் ஒருவரைத்தான் வேலைக்கு எடுப்பேன் என்று முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்காக என்ன செய்வேன் என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு துணிக்கடையின் விற்பனை ரசீதுகளைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். ஒருவர் எண்ணைப் படிக்க வேண்டும், மற்றவர் தட்ட வேண்டும். நான் படித்தேன், அக்கா தட்டினார். மாதக் கணக்கை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டபோது பணத்தில் தொண்ணூறு வெள்ளி இடித்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நாந்தான் மாத்தித் தட்டிட்டேன் போலருக்கு," என்றார் அக்கா.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. முந்தின வாரம் ஒரு மதியம், ஒரு கண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ரசீது படித்தேன். "ஃபோர் ஃபைவ் சீரோவா?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். "ஆமாலா, தட்டுங்கக்கா," என்று எரிந்து விழுந்தேன். இப்போது அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அந்த நாளின் ரசீதுக் கட்டைப் பிரித்தேன். ரசீதில் இருந்தது ஐந்நூற்று நாற்பது. கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? "எங்கேந்து பாக்கலாம் தங்கச்சி?" என்று வந்து கேட்டவரிடம், செலவுச் சீட்டுகளிலிருந்து தொடங்கச் சொன்னேன். தப்பு வரவுப் பக்கம் இருப்பது தெரிந்தே சொன்னேன். அக்கா சாப்பிடக்கூடப் போகாமல், சீட்டுகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாளியம்மா இரண்டு முறை வந்து, "இன்னும் முடியலையா?" என்று அவரைத்தான் கேட்டார். நான் என் வேலையை முடித்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அந்த ரசீதை நானே 'கண்டுபிடித்தேன்'. "கண்ணு கூர்மைமா உனக்கு," என்றார் முதலாளியம்மா. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அன்று எண்ணைத் திருப்பிக் கேட்டது அவருக்கு நினைவில் இல்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். அந்த ஒரு ரசீதுக்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது என்று பல முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, வெட்கம்தான். அக்கா மறுபடி அதே தொழிற்சாலைக்குப் போய்விட்டார் என்று வகுப்பு வாட்ஸ்அப்பில் அறிந்தேன்.

பயிற்சியின் கடைசி நாள் திரும்பும் ரயிலில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அக்கா சொன்னார்: "அன்னிக்கு என்னால ஒனக்கும் கெட்ட பேரு வந்திருக்கும். ஒனக்குத்தான் வேலைன்னு கேட்டதும் மனசு நெறஞ்சு போச்சு. என்னய மன்னிச்சிரு தங்கச்சி."

"பரவால்லக்கா, விடுங்க," என்று நான் அவரை மன்னித்தேன்.