வெளியே போட்ட நாற்காலி

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. கல்யாண மண்டபமோ, கட்சிக் கூட்டமோ, வரிசையாகப் போட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு பயப்படுகிறாயா என்று யாரும் கேட்கலாம். மூலக்குளத்தில் பெரிய திரை வைத்த அந்த பாரின் வாசலில், ஜெனரேட்டருக்கும் பைக் வரிசைக்கும் நடுவே, எனக்கென்று ஒரு நாற்காலி கிடந்தது. வலது கை உடைந்த நாற்காலி. அதை ஒவ்வொரு முறையும் தூக்கி வந்து, துண்டால் தட்டித் துடைத்து, "உக்காருங்க சார், வெளிய காத்து நல்லா வருது" என்று சொன்ன சூப்பர்வைசரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே காற்றும் வராது, ஒன்றும் வராது. ஜெனரேட்டர் புகைதான் வரும்.

நான் மோட்டார் மெக்கானிக். வில்லியனூரில் கடை. போர்வெல் போட்டால் மோட்டார் இறக்குவது, காயில் எரிந்தால் கட்டிக்கொடுப்பது என்று சுற்றுவட்டாரக் கழனிகளில் பாதிக்கு என் கை பட்டிருக்கும். குடி எனக்குப் பெரிய விஷயமில்லை, ஒரு பீரோடு சரி. கிரிக்கெட்தான் பைத்தியம். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பது எனக்கு ஆகாது. நாலு பேர் கத்த வேண்டும், முன்பின் தெரியாதவன் தோளில் அடிக்க வேண்டும், அப்போதுதான் அது மேட்ச். அதற்காகவே அந்த பாருக்குப் போக ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம், கடலூர் பக்கத்து ஆட்களும் வந்து நிரம்பிவிடுவார்கள். காடை வறுவலும் முட்டைக் கலக்கியும் மேசை மேசையாகப் பறக்கும்.

ஒரு நாள் நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த நேரம் பார்த்து இந்தியாவின் விக்கெட் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது தடவை நான் கைகழுவிவிட்டுத் திரும்பியபோது விழுந்ததும், மூலை மேசையிலிருந்து ஒருவன், "அண்ணே, நீ உள்ள வந்தாலே வுழுதுண்ணே" என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் முறைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமோ என்னவோ.

கிரிக்கெட் பார்க்கிறவர்களின் கிறுக்கு உங்களுக்குத் தெரியும். நாலு பவுண்டரி போனால் கால்மேல் போட்ட காலை எடுக்க மாட்டார்கள், மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் கிறுக்கில் நான் மாட்டிக்கொண்டேன். இந்தியா பேட்டிங் என்றால் நான் வெளியே. "அண்ணே, நாட்டுக்காகண்ணே" என்று கும்பிடுவார்கள். சூப்பர்வைசர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். என் தட்டும் பின்னாலேயே வந்துவிடும். பனித்திட்டுக்காரர் அவர், கறுத்து உயர்ந்த உருவம். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்து வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் மாட்டிக்கொண்டவர். எல்லோரும் என்னை வாய்க்கு வந்த பெயரில் கூப்பிட்டார்கள், அவர் மட்டும் கடைசிவரை சார் என்றார். அந்த சார்தான் எனக்கு அதிகம் வலித்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எதிரணி பேட்டிங் செய்யும்போது என்னை உள்ளே கூப்பிடுவார்கள்! சும்மா இல்லை, ராஜ மரியாதை. "அண்ணன் வர்றாரு, வழி வுடு!" என்று விசில் பறக்கும். திரைக்கு நேர் எதிரே இடம் ஒதுக்கி உட்கார வைப்பார்கள். விக்கெட் விழுந்தால் கட்டிப்பிடிப்பார்கள், முத்தம்கூடக் கொடுப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை எப்படிச் சொல்வேன்? மெக்கானிக்கை யார் அப்படி வரவேற்கிறார்கள்? வெளியே உட்கார்ந்து புகை தின்னும்போதே காதைத் தீட்டிக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பேன். சூடு சொரணை உள்ளவன் செய்கிற காரியமா இது!

பேச்சு பாரோடு நிற்கவில்லை. சுத்துக்கேணியில் ஒரு கரும்பு விவசாயி புது போர் போட்டார். அந்த வீட்டுக்கு அவர் அப்பா காலத்திலிருந்து மோட்டார் வேலை நான்தான். போர் வண்டி வந்து நின்று, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றுகிற நேரத்துக்கு நானும் போய் இறங்கினேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த பாரில் பார்த்த முகம்தான்.

"தப்பா எடுத்துக்காதப்பா. தண்ணி வர்ற வரைக்கும் கொஞ்சம் அந்த ரோட்டாண்ட நில்லு. வந்ததும் நானே கூப்புடறேன்."

"இன்னாங்க இது, வெளாட்டுக்குச் சொன்னதுங்க அது."

"எனக்குத் தெரியாதா? வூட்ல பொம்பளைங்க பயப்புடறாங்க. கடன வாங்கிப் போடறேன், புரிஞ்சிக்கோ."

ரோட்டோரம் போய் நின்றேன். கரும்புச் சோகைக்கு அந்தப் பக்கம் போர் வண்டி இரைந்துகொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் கழனியில் தண்ணீர் வரக்கூடாது என்று நினைத்தேன். நினைத்ததற்கு என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தண்ணீர் வந்தது. பீறிட்டுக்கொண்டு வந்தது. அவர் சேறும் சிரிப்புமாக ஓடி வந்து என் கையைப் பிடித்து, "பாத்தியா!" என்றார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மோட்டாரை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு புது போர் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள், தண்ணீர் வந்த பிறகே போன் செய்தார்கள்.

ஒரு நாள் ஆத்திரம் தலைக்கேறி நேரே பாருக்குப் போனேன். வாசலிலேயே சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டேன். "என் தொழில்ல கை வெச்சிட்டீங்கடா எல்லாருமா சேர்ந்து" என்று கத்தினேன். மனிதர் நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுக்கொண்டார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். இன்னியோட நிறுத்திடறேன். கஸ்டமர் கோச்சிக்கினாலும் பரவால்ல, மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

சொல்ல வாயெடுத்தேன். அப்போது பார்த்து உள்ளேயிருந்து சத்தம். எதிரணியில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள் போல. "அண்ணன் வெளிய நிக்கிறாரு பாரு! கூப்புடு, கூப்புடு!" என்று கூடமே மேசையைத் தட்டியது. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போனேன். ஆமாம், போனேன். அந்த ஓவரிலேயே விக்கெட் விழுந்தது. என்னைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தபோது, கதவோரம் நான் வாசலில் விட்டுவந்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்பது தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்க்க, அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போவது என்றால் என்னவென்று அந்தத் தோள்மேல்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

நெடுநாள் கழித்து அவரே என் கடைக்கு வந்தார். பார் வேலையை விட்டுவிட்டாராம். பாகூர் பக்கம், அவர் ஊருக்கு அருகிலேயே சின்னதாக ஒரு ஓட்டல், மீன் சாப்பாடு, சுவரில் ஒரு டிவி. திறப்பு விழாவுக்கு வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்திருந்தார்.

"மொத போணி நீங்கதான் பண்ணணும் சார்."

"இன்னாபா, கிண்டலா?" என்றேன். சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "எத்தினி தடவ என் கையாலயே உங்கள வெளிய கொண்டுபோய் உக்கார வெச்சிருக்கேன். சம்பளத்துக்காகப் பண்ணேன். என் கடையில மொதல்ல உங்க காலுதான் உள்ள படணும். பட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்."

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனைவி வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தாள். போனேன். கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். வாசலில் வாழை கட்டியிருந்தது. அவர் பட்டுக்கரை வேட்டியில், என்னை எதிர்பார்த்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியின் நகையெல்லாம் இந்தக் கடையில் இருக்கிறது என்று அழைக்க வந்த அன்றைக்கு அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் கால் வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? ராசியாவது மண்ணாவது என்று எத்தனையோ பேரிடம் வாதாடியவன் நான். நிழற்குடையின் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் காதில் போனை வைத்தபடி நிற்பது எனக்குத் தெரிந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. நல்ல நேரம் தாண்டிவிடுமென்று யாரோ அவசரப்படுத்த, ஒரு பெரியவரை உள்ளே அழைத்துப் போனார்கள். வீட்டுக்கு வந்தேன். "இன்னா போட்டாங்க?" என்று மனைவி கேட்டாள். கேசரி என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் துணிந்து போனேன். உட்கார இடமில்லாத கூட்டம். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க!" அன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாசற்படியில் நின்றபடி, "இந்தியா பேட்டிங்கா?" என்றேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. அங்கே என்னைத் தெரிந்தவரே யாரும் இல்லை. நானே சுவரோரம் கிடந்த ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்து, வெளியே போட்டு உட்கார்ந்தேன்.

"கட நல்லா ஓடுது போலிருக்கே" என்றேன்.

"ஓடுது சார்."

"நான் போணி பண்ணாததாலதான்."

சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிப்பாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் குனிந்து, நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திரிங்க சார். உள்ள போட்டுடறேன்."

"இந்த ஓவர் முடியட்டும்பா" என்றேன்.

அவர் பிடித்த பிடியை விடவில்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை.