காலிக் குடத்துக்குப் பயந்த தெரு

எனக்குக் குரல் நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. செஞ்சியில் ஒரு காலத்தில் நாலு பேர் சொன்னார்கள், அதை நம்பித்தான் நான் கெட்டேன்.

அறுபதுகளில் எங்கள் தெருவின் கீழ்க்கோடியில், வேப்பமரத்தடியில், பஞ்சாயத்து ரேடியோ கொட்டகை ஒன்று இருந்தது. சாயங்காலம் செய்தி முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஊர் அறிவிப்புகளைப் படிப்பார்கள். அம்மை குத்த ஆட்கள் வருகிறார்கள், ரேஷனில் சர்க்கரை வந்திருக்கிறது, அமாவாசைக்கு மேல்மலையனூருக்குத் தனி பஸ் விடுகிறார்கள், இந்த மாதிரி. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கியவன் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. சம்பளம் கேட்டால் மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று நானும் கேட்கவில்லை.

நான் சர்க்கரையைச் சர்க்கரை என்று சொல்கிற ஆள் இல்லை. "கரும்பின் கனிவே, கடையின் கொடையே, குடிமக்களின் குவளைக்குள் குடியேற வந்திருக்கும் குளிர்நிலவே" என்று தொடங்குவேன். அந்தக் காலத்தில் மேடையேறினவன் எல்லாம் அப்படித்தான் பேசினான். நான் மேடை இல்லாமலே பேசினேன். ஒருநாள் பேசி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், கடலை வயலில் வேலை முடித்து வந்த ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். "நல்லா பேசின சாமி. சர்க்கரை இருக்குதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றார். பாமர ஜனங்களுக்கு இலக்கியம் எங்கே புரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் நைனா கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பித்தளைக் குடம், தவலை, அண்டா. "டேய், கடைக்கு வர ஆளுகிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கற, அந்தத் தகரக் கொழாய்க்குள்ள மட்டும் பொழுதன்னிக்கும் கத்தற" என்பார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தகரக் குழாய் எதிர்த்துப் பேசாது.

எனக்குப் பெண் பார்த்தது மரக்காணத்துப் பக்கம். கடலோர ஊர், உப்பளம் சூழ்ந்த ஊர். பெண் வீட்டில் சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆனபிறகு, பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்ளும் நேரம் அது. அவள் நிமிர்ந்து, "உங்க ஊர்ல தண்ணி எப்படி?" என்று கேட்டாள். "எங்க ஊர்ல காபியே கரிக்கும். நல்ல தண்ணி இருக்கிற ஊருக்குத்தான் போவணும்னு இருக்கேன்."

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரும் கரிக்கும். வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மலையடிவாரத்துக் குளத்துக்கு நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும், அதன் கீழே பாதையும் கொதிக்கும். எங்கள் தெருப் பெண்களின் பாதி ஆயுள் அந்தப் பாதையில்தான் போனது. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு அழகான பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டாளே. "பஞ்சாயத்துல குழாய் போடப் போறாங்க. நம்ம வாசல்லியே தண்ணி கொட்டும்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த நைனா காபியை விழுங்க முடியாமல் இருமினார்.

கல்யாணம் ஆயிற்று. குழாய் வரவில்லை. அவள் குளத்துக்கு நடந்தாள்.

குழாய் வரப்போவது பொய்யில்லை. ஊருக்கு வெளியே பெரிய தண்ணீர்த்தொட்டி எழும்பிக்கொண்டுதான் இருந்தது. தொட்டியின் வளர்ச்சியை நான் மைக்கில் வாரா வாரம் சொன்னேன். "விண்ணை முட்டுகிறது, விரைவில் வீதிக்கு வருகிறது" என்றெல்லாம் சொல்லி முடித்து வெளியே வந்தால், இடுப்பில் குடத்தோடு அவள் குளத்திலிருந்து வந்துகொண்டிருப்பாள். "எப்ப வருதாம்?" என்பாள். "விரைவில்" என்பேன். "அத்தத்தான் போன வாரமும் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு நடப்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். நம்பிச் சொல்வாள். அதுதான் எனக்குச் சங்கடம்.

கடைசியில் ஒருநாள் உண்மையாகவே ஓவர்சியர் வந்துவிட்டார். கூடவே கடப்பாரை, மண்வெட்டி, ஆட்கள். எங்கள் தெருவுக்கு ஒரு குழாய். எந்த இடம் என்று தெருக்காரர்களே சொல்லலாம் என்றார். எங்களுக்கு ஒரு தெரு முன்னேற்றச் சங்கம் இருந்தது. தலைவர், வெல்லமண்டி வைத்திருந்தவர். செயலாளர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

மேல்கோடியில் தலைவர் வீட்டு வாசலில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். தலைவர் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "இங்க வேணாம்பா. விடிஞ்சா நான் மண்டிக்குப் போவணும். கதவத் தொறந்தா எதிர பத்து பொம்பளைங்க காலிக் குடத்தோட நிப்பாங்க. யாபாரம் வெளங்குமா?"

ஓவர்சியருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் தெருவில் எல்லாரும் வியாபாரிகள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது நிறைகுடம் எதிரே வந்தால் அன்று கல்லா நிறையும். காலிக் குடம் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். குழாய் இருக்கும் இடத்துக்கு நிறைகுடத்தோடு யாராவது வருவார்களா? வருகிற குடமெல்லாம் காலிதான்.

பள்ளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அது துணிக்கடைக்காரர் வீடு. அவருக்கும் ஆகாது. அடுத்தது எண்ணெய்ச் செக்குக்காரர். அவர் பள்ளத்தைத் தம் கையாலேயே மூடினார். குழாய் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "அவசியம் வேணும், பக்கத்து வூட்டாண்ட போடுங்க" என்றார்கள். வீட்டுக்கு வீடு தோண்டித் தோண்டி மூடி, தெரு அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. நான் கூடவே போய், வாசலுக்கு வாசல் ஒற்றுமையைப் பற்றிப் பேசினேன்.

அப்படியே வந்து பள்ளம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

நைனா வெளியே வந்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நைனா சிரித்தார். "காலிக் குடத்தப் பாத்தா எனக்கு இன்னா? கடையில நாள் பூரா நான் விக்கறதே காலிக் குடம்தான். இங்கியே போடுங்க" என்றார். தெருவே கலகலவென்று சிரித்தது. ஓவர்சியர் கும்பிடாத குறை. கதவோரம் என் மனைவி நின்றிருந்தாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

பேசாமல் இருந்திருந்தால் போதும். வாழ்க்கையில் அந்த ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் தெருவே கூடியிருந்தது. இவ்வளவு நல்ல கூட்டம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. பள்ளத்து மண்மேட்டின்மேல் ஏறிவிட்டேன்.

"பெரியோர்களே! செயலாளன் தன் வாசலிலேயே குழாய் போட்டுக்கொண்டான் என்று நாளை ஒரு சொல் வரலாமா? தன்னலம் என்னும் தாகத்தைத் தணிக்கவா நான் தொண்டுக்கு வந்தேன்? எனக்கு வேண்டாம் இந்தக் குழாய்! வேண்டவே வேண்டாம்!"

கை தட்டினார்கள். தலைவர் என் தோளில் துண்டு போட்டார். மண்மேட்டிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் யாரும் இல்லை. நைனா மட்டும் நின்றிருந்தார். "வெண்ண தெரண்டு வரும்போது தாழிய ஒடச்சிட்டியேடா" என்றார்.

எங்களுக்கு அப்புறம் இருந்த வீடுகளும் வேண்டாம் என்றன. தெருவும் முடிந்தது. ஓவர்சியர் பொறுமை இழந்து, வேப்பமரத்தைத் தாண்டி, கீழத்தெரு முனையில் குழாயை நட்டுவிட்டுப் போய்விட்டார்.

கீழத்தெருவில் இருந்தவர்கள் நிலம் இல்லாதவர்கள். எங்கள் ஆட்களின் கடலை வயல்களிலும் சிங்கவரத்து நெல் வயல்களிலும் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் வாசலில் காலிக் குடத்தைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. சூடம் ஏற்றிக் குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் இருந்தது ஒரு வேப்பமரம்தான். ஆனால் அவர்கள் கை பட்ட குழாயில் தண்ணீர் பிடிப்பதா என்று எங்கள் தெருப் பெண்கள் அதன் எதிரிலேயே காலிக் குடத்தோடு நடந்து, மலையடிவாரத்துக் குளத்துக்குப் போனார்கள். இதில் என்ன விந்தை என்றால், அப்போது எனக்கு இது விந்தையாகவே தெரியவில்லை.

என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு போட்டாள். வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஊருக்கே பேசுகிறவனுக்கு வீட்டில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நானும் என்னென்னவோ அடுக்குமொழியில் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துப் பாதையில் திரும்பாமல், நேராக வேப்பமரத்தைத் தாண்டிப் போனாள். தெருவே பார்த்தது. அங்கே குழாயடியில் கீழத்தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். பெரிய வீட்டு மருமகள் வந்திருக்கிறாளே என்று ஒருத்தி வழிவிட, என்னிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாரே அந்த அம்மா, "இன்னாத்துக்கு வழி? யாரா இருந்தாலும் வரிசைதான். பின்னால வந்து நில்லும்மா" என்றாராம். இவள் பின்னால் போய் நின்றாளாம். இதை என்னிடம் சொன்னது அவள் இல்லை. அவள்தான் பேசுவதில்லையே. தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள், அதுவும் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள்.

சங்கம் கூடியது. தலைவர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, உன் வூட்டுக்காரி பண்ணது தப்பு. நாளைக்கு நாலு பொம்பளைங்க கெளம்பிடுவாங்க. அதுக்குள்ள மைக்குல ஒரு வார்த்தை சொல்லிடு. பட்டும் படாம சொல்லு, நோவாம சொல்லு" என்றார். அன்றைக்கு அவரும் கொட்டகைக்கு வந்து பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார்.

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அதைவிட வெட்கக்கேடு, நோவாமல் எப்படிச் சொல்வது என்று உடனே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். 'நம் தெருவுக்கென்று தனிக்குழாய் தழைத்து வரும்வரை தாய்மார்கள் பொறுமை என்னும் பொற்குடம் ஏந்திக் காத்திருக்க வேண்டுகிறோம்.' எங்கேயும் கீழத்தெரு என்ற சொல்லே வராது. கேட்கிறவர்களுக்கு மட்டும் புரியும். எழுதி முடித்ததும் என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் செய்தி முடிந்தது. மைக்கைப் பிடித்தேன். தலைவர் என் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கொட்டகைக்கு வெளியே எங்கள் தெரு ஆண்கள் நின்றார்கள். "அன்பார்ந்த தாய்மார்களே" என்று தொடங்கினேன். "நம் தெருவுக்கென்று..."

வேப்பமரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம். எங்கள் கடைப் பித்தளைக் குடம்தான். விளிம்பு தளும்ப, புடவையெல்லாம் நனைய, நேராகக் கொட்டகையைப் பார்த்து வந்தாள்.

நிறைகுடம் எதிரே வருகிறது. என்னைக் கண்டிக்க வைக்க வந்த தலைவர், நாற்பது வருஷப் பழக்கத்தில், கையைக் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிக்கொண்ட பிறகுதான் யார் குடம், எந்தக் குழாய்த் தண்ணீர் என்பது அவருக்கு உறைத்தது. கூப்பிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். வெளியே நின்றவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நின்றார்கள்.

நான் அவ்வளவு பாடுபட்டு அடுக்கி வைத்திருந்தது எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். மைக்கில் அதைச் சொன்னேன்.

"கீழத்தெருக் குழாய்ல தண்ணி வருது."

ஒலிபெருக்கி அதைக் கடைவீதி வரைக்கும் கொண்டுபோயிற்று. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன அறிவிப்புகளில், கேட்ட மாத்திரத்தில் ஊருக்குப் புரிந்தது அது ஒன்றுதான். கொஞ்சம் யோசித்து, "நல்ல தண்ணியாம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் கொட்டகை வாசலில் நின்றாள். அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசினாள். மைக் திறந்திருந்ததால் ஊரே அதைக் கேட்டது.

"நல்ல தண்ணியாம் இன்னா, நல்ல தண்ணியாம்? போய்க் குடிச்சிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

கடைவீதியில் யாரோ சிரித்தது எனக்கே கேட்டது. அது நைனாவாகத்தான் இருக்க வேண்டும். மைக்கை நிறுத்தவும் தோன்றாமல் இறங்கி, தலைவரைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டிப் போனேன். குழாயடியில் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "பேச்செல்லாம் அப்புறம், பின்னால போய் நில்லு சாமி" என்றார்.

போய் நின்றேன். என் முறை வந்ததும் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தேன். கொஞ்சம்கூடக் கரிக்கவில்லை.