முயல்களைத் தூங்கவைத்த வருடம்

பத்து வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே என் வேலையில் பாதி தூங்கவைப்பதுதான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பம்ப்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊரில், உடைந்த எலும்பைப் பிணைக்கும் சின்னத் திருகுகளையும் செய்யத் தொடங்கியிருந்தார்கள். மனிதருக்குப் பொருத்தும் முன்னால் அவற்றை முயலின் கால் எலும்பில் வைத்துப் பார்க்க வேண்டும். அது முடியும்வரை முயல் வலி தெரியாமல் தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்துக்கு நான் பொறுப்பு.

அறையில் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைத்திருப்போம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் காற்று ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துகொண்டே இருக்கும். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். முயலின் காதை விளக்குக்கு நேராகப் பிடித்தால், இளஞ்சிவப்பான தோலுக்குள் விளிம்பையொட்டி ஒரு ரத்தக்குழாய் நூல்போல ஓடுவது தெரியும். அதில் ஊசியைச் செருகி மருந்தை மெல்லத் தள்ளும்போது சிவப்பு நூல் வெளுத்துக்கொண்டே போகும். அந்த வெள்ளை காதின் அடிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் கழுத்து இளகும். தலை என் உள்ளங்கையில் வந்து படுக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கும் கண் செருகுவதுபோல இருக்கும்.

முயல்களைப் பார்த்துக்கொண்டவர் போத்தனூரிலிருந்து வரும் ஓர் அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடியபின் இங்கே வந்துவிட்டார். ஊசி குத்துவது தெரியாமலிருக்க, அரைமணி நேரம் முன்னதாகவே காதில் மரப்புக் களிம்பு தடவுவார். களிம்பு வேலை செய்யும்வரை முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மில் சத்தத்திலேயே இருபது வருடம் இருந்ததால் நிசப்தத்தில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றும், காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் நன்றாகத் தூங்குவதாகவும் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு மடியில் இருந்ததைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், இந்த மருந்துத் தூக்கத்துல இதுக கனாக் காணுமுங்களா?"

இது தூக்கமே இல்லை, விளக்கை அணைத்து வைப்பதுபோல என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்பிடித் தெரியலீங்க. எந்திரிக்கறப்ப எங்கியோ போயிட்டு வந்தாப்பல பாக்குதுங்க."

அது நடந்தது ஓர் ஆடி மாதக் காலையில். சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இரண்டு முயல்களுக்கு வேலை முடிந்து மூன்றாவது மேசையில் இருந்தது. அந்த மருந்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் தள்ள வேண்டும். வேகமாகப் போனால் மூச்சு நின்றுவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் காதில் வெள்ளை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நான் எங்கோ போய்விட்டேன். கட்டைவிரல் தன்பாட்டில் அழுத்திவிட்டது. குனிந்து பார்த்தபோது ஊசிக்குழல் காலியாக இருந்தது.

"டாக்டர், வயிறு ஆடலீங்க" என்றார் அண்ணன், குரலை உயர்த்தாமல்.

விலா அசையவில்லை. காதின் இளஞ்சிவப்பு ஈய நிறமாகிக்கொண்டிருந்தது. சின்ன முகமூடியை மூக்கில் பொருத்தி ஆக்சிஜனைத் திறந்து, மூச்சுக் கொடுக்கும் பையை அமுக்கத் தொடங்கினேன். அண்ணன் இரண்டு விரலை மார்பில் வைத்து, இருதயம் அடிக்குது, அடிக்குது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் தண்ணீருக்கடியில் நின்று கையை அசைப்பதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை. பிறகு விலா ஒருமுறை தானாகவே எழும்பியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. காதில் நிறம் திரும்பியது.

அன்று அதற்கு அறுவை செய்யவில்லை. விழித்ததே தவிர, எதையும் தின்னவில்லை. மயக்கத்துக்குப் பிறகு முயல் தின்னாமல் இருந்தால் குடல் ஓட்டம் நின்றுபோகும், அதுவே உயிரை எடுத்துவிடும். வேலை நேரம் முடிந்தும் அண்ணன் போகவில்லை, நானும் போகவில்லை. கூண்டுக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு கொத்தமல்லித் தழையாக மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் அது ஒரு தழையை இழுத்து மெல்லத் தொடங்கியது. அந்தச் சின்னச் சத்தத்தை இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூச்சு நின்ற முயலை ஆய்வுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று நாங்களே எழுதி வைத்த விதி இருந்தது. மறுநாள் காலையில் தலைமை ஆய்வாளர் என் மேசைக்கு வந்தார். ஒரு முயல் குறைந்தால் அவருக்குச் சிரமம்தான். கோபப்படவில்லை, தணிந்த குரலில்தான் கேட்டார்.

"மூச்சுத்தான் திரும்பிருச்சுங்களே டாக்டர். எழுதித்தான் ஆகோணுமுங்களா?"

"எழுதிப்போட்டேனுங்க சார். என் கை வேகமாப் போனதையும் எழுதியிருக்கேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு வந்தது. கூடம் முழுக்க வெள்ளையாக இருக்கும். யாருடைய வயிறோ ஆடவில்லை என்று தேடிக்கொண்டே நடப்பேன். கடைசியில் மூச்சு விடாமல் இருப்பது நான்தான் என்று தெரியும். திணறிக்கொண்டு எழுந்து உட்காருவேன்.

மூன்றாம் நாள் தலைமை ஆய்வாளர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மருந்தைத் தானே ஒரே சீராகத் தள்ளும் சின்ன இயந்திரம். மேசையில் வைத்து, இது சரியாக இருக்குமா பாருங்கள் என்றார். அதன்பிறகு மருந்து என் கட்டைவிரலை நம்பிப் போகவில்லை. காதில் வெள்ளை ஏறுவதே தெரியாத அளவுக்கு நிதானமாகப் போனது. எந்த முயலுக்கும் மூச்சு நிற்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஆய்வு முடிந்தது. திருகைச் சுற்றி எலும்பு எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, முயல்களின் உயிரை எடுத்துத்தான் ஆகவேண்டும். முதல் நாளிலிருந்தே எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதற்கும் அதே வெள்ளை மருந்து. வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன், அவர் வந்தார். எப்போதும்போல மடியில் வைத்துக்கொண்டார், களிம்பு தடவினார், அரைமணி நேரம் பொறுத்தார். முயல் முதலில் தூங்கும். கால்விரலைக் கிள்ளிப் பார்த்து, இழுக்கவில்லை என்று உறுதியான பிறகே மீதியைக் கொடுப்பேன். ஒவ்வொன்றின் காதையும் கடைசிவரை அவர்தான் பிடித்திருந்தார். அவரும் அழவில்லை, நானும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கணக்கில் சேராத அந்த ஒரு முயலின் உயிரை எடுக்கத் தேவை இருக்கவில்லை. அதை வளர்த்துக்கொள்ளத் தரலாமா என்று அண்ணன் எழுதிக் கேட்டிருந்தார். விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு கூடி, தரலாம் என்றது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து போத்தனூருக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் என்ன விலை என்று கேட்டாளாம். விலைக்கு இல்லீங்க, எங்கூட வேல பாத்தது என்று இவர் சொன்னாராம்.

திங்கள்கிழமை காலையில் புதிதாக முயல்கள் வந்தன. கூண்டுகளை நாங்கள் கழுவிக் காயவைத்திருந்தோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் எடை போட்டு, காதைத் தூக்கிப் பார்த்து உள்ளே விட்டேன்.