ஐந்து தலைப் பச்சைக் கல்

ட்வெய்ட்டாவில் ஒரு நோர்வேக்காரக் கிழவரின் வீட்டைத் துப்புரவாக்கப் போனபோது, எழுதும் மேசையில் அந்தப் பச்சைக் கல்லைக் கண்டேன். ஐந்து சிகரங்கள் உள்ள மலைபோல் செதுக்கியிருந்தது. அதன் மேல் ஒரு தூரிகை கிடந்தது.

"சீனத்து ஜேட். எழுதுகிறவர்கள் தூரிகையைச் சாய்த்து வைப்பது," என்றார் கிழவர்.

எடுத்தேன். அதே குளிர்தான்.

ஊரில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. சைக்கிளில் துணி விற்க வந்த சீனாக்காரர் ஐயாவுக்குக் கொடுத்தது. அம்மா அதை ஐந்து தலை நாகம் என்று சாமியறையில் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் பால் வார்ப்பார். அந்த அறையில் எப்போதும் புளித்த பாலும் சந்தனமும் மணக்கும்.

"சீனத்துப் பாம்புக்குத் தமிழ் விளங்குமோ?" என்று ஐயா சீண்டுவார்.

"சும்மா இருங்கோ, நாகதம்பிரானுக்குக் கேக்கப்போகுது."

சண்டையில் இடம்பெயர்ந்தபோது அது அங்கேயே நின்றுவிட்டது. இப்போது அம்மா இங்கே நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் என்னோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்தால், "நாகதம்பிரானைப் பட்டினி போட்டிட்டு வந்திட்டன்," என்று நித்திரை கொள்ளமாட்டார்.

அது வெறும் தூரிகைக் கல் என்று சொன்னால் அம்மா நிம்மதியாகப் படுப்பார். இன்றைக்கே சொல்லிவிடுவோம் என்று நினைத்தபடி கல்லைத் துடைத்து வைத்தேன். தூரிகையைத் திரும்ப அந்தத் தலைகளின் மேல் வைக்க எனக்குக் கை வரவில்லை.