ரேங்க் வாங்கினால் அரியலூர் ரயில்

பெரம்பலூரில் எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாலும் சரி, ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போங்கள். நான் வெட்டின கிணறு ஒன்று கண்ணில் படாமல் அந்தப் பஸ் ஊர் போய்ச் சேராது. பாறைக்காட்டில் அறுபதடிக்குக் கீழே கிடந்த தண்ணீருக்கு வெளிச்சம் காட்டியவன் நான். ரெண்டாங்கிளாஸ் பாதியிலேயே நின்றவன். கல் சுமந்து, கிரேன் சுற்றி, முப்பது வயதில் சொந்தமாகக் கம்ப்ரசர் டிராக்டர் வாங்கினேன். பாறையில் துளை போடும் அந்த வண்டி, சுற்றுவட்டாரத்தில் முதலில் என் வாசலில்தான் நின்றது. இத்தனை சாமர்த்தியம் இருந்தவனுக்கு, இருந்த ஒரே பெண்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

வண்டியைப் பதிவு செய்யப் போன ஆபீசில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையோடு வீட்டுக்கு வந்தேன். மகள் அப்போது ரெண்டாவது படித்தாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நாவப்பழம் தின்னியா? எனக்கு எங்க?"

சங்கதியைச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து டிராக்டர் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் பேரை எழுதிக் காட்டுவாள். நான் எழுதுவேன். கோணல்மாணலாக வரும். கடப்பாரை பிடித்துக் காய்த்த கைக்குள் பலப்பம் நிற்காது, ஒடியும். அவள் சிரிப்பாள். கோவை இலையைக் கசக்கித் துடைப்பாள். தன் சின்னக் கையால் என் கையைப் பிடித்து மறுபடி ஓட்டுவாள். "கடைசி எழுத்துக்கு வாலை நீளமா இழுத்துடுப்பா, அப்பத்தான் ஆபீசர் கையெழுத்து மாதிரி இருக்கும்" என்பாள். ஒரு மாதம் பிடித்தது. சரியாக எழுதினதற்கு அவள் எதுவும் தரவில்லை. தப்பாக எழுதின நாளில் எழுந்து போகவும் இல்லை. அப்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்குத் தெரிந்தது கிணற்று வேலைதான். மத்தியானத்துக்குள் துளையை முடித்தவன் என்னோடு உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவான். முடிக்காதவனை அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். அன்றைக்குப் பூராவும் அவனோடு பேச மாட்டேன். இந்த ஒரு வழியிலேயே எப்பேர்ப்பட்ட ஆளும் எனக்கு மசிந்தான். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. அவள் ஆறாவதில் சேர்ந்த வருஷம், அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ரயில் காட்டு என்று கேட்டாள். சும்மா கூட்டிப்போயிருக்கலாம். பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். "முதல் ரேங்க் வாங்கு, காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ரெண்டாவது ரேங்க் வாங்கினாள். அடுத்த பரீட்சையிலும் ரெண்டாவது. அப்புறம் நாலாவது. எழுத்துக் கூட்டத் தடுமாறினாலும் எண் எனக்கு நன்றாகத் தெரியும். ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் மாடத்தில் வைத்துவிடுவேன். மூன்று நாள் பேச மாட்டேன். கையெழுத்து இல்லாமல் போனால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். நிற்கட்டும், அப்பத்தான் உறைக்கும் என்று நினைத்தேன். என் சம்சாரம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அது என்ன பாறையா, வெடி வெச்சுப் பொளக்க?" என்று கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒன்பதாவதில் கார்டு வருவது நின்றுபோனது. கேட்டால், "இன்னும் குடுக்கலைங்கப்பா" என்பாள். ஒருநாள் டீசலுக்கு டவுனுக்குப் போனவன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். டீச்சரம்மா அவளையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, கார்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

"என்னங்க, ஒவ்வொரு தடவையும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிடறீங்க. பொண்ணு ஏன் இப்படி ஆயிட்டான்னு ஒரு வார்த்தை வந்து கேக்க வேண்டாமா?"

பதினெட்டு. இருபத்திரண்டு. கணக்குக்கு நேரே சிவப்புக் கோடு. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து, வாலோடு. என் வால் எப்போதும் நடுங்கித்தான் போகும். இந்த வாலில் நடுக்கமே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த கை அல்லவா? அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவாடையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இந்தப் பிள்ளை ரயிலை என்றைக்கோ விட்டுவிட்டது, நான் பேசாமல் விடுகிற அந்த மூன்று நாளுக்குப் பயந்துதான் இதைச் செய்திருக்கிறது என்று அங்கே வைத்துத்தான் புரிந்தது.

"என் கையெழுத்துதாங்க" என்றேன்.

வெளியே வந்ததும் அவள் நாலடி பின்னாலேயே வந்தாள். நான் பேசாமல் நடப்பதைத் தண்டனை என்றே எடுத்துக்கொண்டாள். எனக்கோ கார்டில் இருந்த அந்த வால்தான் கண்ணுக்குள் நின்றது. பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான், "வா சாமி, அரியலூர் போலாம்" என்றேன்.

அவள் மிரண்டு பார்த்தாள். "எதுக்குங்கப்பா? நான்தான் ரேங்க் வாங்கலையே."

போனோம். பிளாட்பாரத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். திருச்சிப் பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் வந்து நின்றது, ஆட்கள் இறங்கி ஏறினார்கள், கிளம்பிப் போனது. கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் பார்த்தாள். நான் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

மட்கார்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் எங்களுக்குள் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். போன் பண்ணினால் நல்ல சேதியை மட்டும் சொல்கிறாள். அப்புறமும் எத்தனையோ கிணறு வெட்டினேன், எத்தனையோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் கடைசி எழுத்துக்கு வந்ததும் வாலை இழுக்காமல் ஒரு நிமிஷம் பேனாவை அப்படியே வைத்திருப்பேன். எதிரே இருக்கிற ஆபீசர், பெரியவருக்குக் கண் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்.