பிள்ளைக்கு ஷிப்டு, எனக்கு நெஞ்செரிச்சல்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் மகன், மருமகளோடு இருக்கிறேன். ரொம்ப நாளாக எனக்கு நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடித்தே ஓட்டினேன்.

ஒரு நாள் காலையில் நெஞ்சு அடைக்கிற மாதிரி வலித்தது. மாரடைப்போ என்று பயந்து மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நல்லவேளை, இதயத்தில் கோளாறு இல்லை; வயிற்று அமிலம்தான் மேலே ஏறுகிறது என்றார் டாக்டர். சோடா விஷயத்தையும் அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"அப்ப வயித்துல ஆபரேஷன் பண்ணணுமா, டாக்டர்?" என்று மருமகள் கேட்டாள்.

"ராத்திரி எப்ப சாப்பிடுவீங்கம்மா?" என்றார் டாக்டர். "முன்னப்பின்ன ஆகும்" என்று மழுப்பினேன்.

மருமகள் விடவில்லை. "இவங்க பிள்ளை செகண்ட் ஷிப்டு முடிச்சு ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தாத்தான் இவங்க சாப்பிடுவாங்க. சாப்பிட்ட கையோட படுத்துருவாங்க. நான் முன்னாடியே சாப்பிட்டா திட்டு வேற!"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஷிப்டு பிள்ளைக்குத்தானேம்மா? ஆபரேஷன் பேச்சே இப்ப வேணாம். சோடாவை விடுங்க. மாத்திரை தர்றேன். நேரத்தோட சாப்பிடுங்க, உடனே படுக்காதீங்க."

இப்போது ஏழு மணிக்கே சாப்பிடுகிறேன். படுக்கும்போது அமிலம் மேலே ஏறாமலிருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். எரிச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. மகனுக்கு முன்னால் சாப்பிட முதலில் எனக்கு மனசே வரவில்லை. அவனோ, "நீ பட்டினியா இருப்பியேன்னு சைக்கிளை விரட்டிக்கிட்டு வருவேம்மா. இனிமே நிதானமா வரலாம்" என்றான்.